அத்தைக்கு அண்மையில் பிடித்தது என்ன?

கேள்வி:

ஐயா, நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் வசிக்கிறேன். கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, திருமணத்துக்குப் பின் இங்கே வந்தவள். என் மகன் இந்த ஆண்டு தை மாதத்தில் கோயம்புத்தூர்ப் பெண்ணை மணந்துகொண்டான். மருமகள் தமிழில் முதுகலை படித்தவர். வந்த நாள்முதல் ஞாயிறுதோறும், "அத்தை, இந்த வாரம் உங்களுக்கு என்ன பிடித்தது? நான் எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்கிறார். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த "கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நூல்கள்", "பினாங்கில் தவறவிடக் கூடாத ஐம்பது கடைகள்" போன்ற பட்டியல்களை அவருக்கு அனுப்பி வைத்தேன். "சரி அத்தை" என்று பதில் வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. நானோ ஞாயிறு நாளிதழ், மின்னல் வானொலி, பக்கத்து வீட்டு மலாய் அம்மையார் மக்சிக்கோடு சேர்ந்து பார்க்கும் மலாய் நடிகர் பி. ரம்லியின் பழைய படங்கள் என்று பொழுதைக் கழிப்பவள். படித்த பெண்ணுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? நூலகரான நீங்கள் பத்து நூல், பத்துப் படம், பத்து உணவு என்று எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும். அவர் மாட்டிறைச்சி மட்டும் உண்பதில்லை. தீபாவளிக்கு அவருக்குச் சேலை எடுப்பதா, கெபாயா மேலாடை தைத்துக் கொடுப்பதா என்பதையும் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்:

அன்புள்ள அம்மையாருக்கு வணக்கம்.

நீங்கள் கேட்ட பத்துப் பத்துப் பட்டியலை நான் எழுதப்போவதில்லை. எழுதிக் கொடுத்தால் அதற்கும் "சரி அத்தை" என்ற பதிலே வரும். உங்கள் மருமகளின் கேள்வியை நீங்கள் அப்படியே எடுத்தெழுதியிருப்பது நல்லதாயிற்று. எது சிறந்த நூல், எது சிறந்த கடை என்று அவர் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன பிடித்தது என்று கேட்கிறார். சிறந்தவை எவை என்று அறிந்துகொள்ள அவருக்குக் கைப்பேசி போதும். கடல் கடந்து ஒரு வீட்டுக்குப் புதிதாக வந்த பெண், அந்த வீட்டுப் பெரியவருக்கு எதில் நாட்டம், எதைப் பார்த்தால் சிரிப்பு வரும், எந்தக் கடைக் குழம்பு அவருடைய வாய்க்கு ஒத்துப்போகும் என்றெல்லாம் தெரிந்துகொள்ள விரும்புகிறார். அந்தக் கேள்விக்கு யாரோ தொகுத்த நூறு நூல்களின் பெயர்கள் விடையாக மாட்டா. அவற்றுள் நீங்கள் படித்தவை எத்தனை என்று அவர் இதுவரை திருப்பிக் கேட்காமல் இருப்பது அவருடைய பண்பு.

நூலகப் பணியில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உங்களுக்கு உதவக்கூடும். முகப்புக்கு வந்து "நல்ல புத்தகம் ஒன்று கொடுங்கள்" என்று கேட்பவரிடம் உடனே எதையும் எடுத்து நீட்டுவதில்லை. கடைசியாக விரும்பிப் படித்தது எது, அதில் எது பிடித்தது என்று முதலில் விசாரிப்போம். சிலருக்குக் கதை விறுவிறுப்பாக ஓட வேண்டும், சிலர் கதைமாந்தருக்காகப் படிப்பார்கள், சிலர் நடைக்காக, இன்னும் சிலர் கதை நடக்கும் ஊரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வருவதற்காகவே படிப்பார்கள். ஓர் ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வகையினராகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் அன்றாடம் கடந்து செல்லும் தெருவும் கோயிலும் கடையும் ஏட்டிலோ திரையிலோ வரும்போது அவர்களுக்கு ஏற்படும் பிடிப்பு வேறு எதனாலும் வருவதில்லை. எனவே உங்கள் மருமகளுக்கு இப்போது வேண்டியது இந்த மண்ணைச் சேர்ந்தவை. அவற்றைச் சொல்ல முதுகலைப் பட்டம் தேவையில்லை.

வாரத்துக்கு ஒன்று போதும். அது நீங்கள் அண்மையில் படித்ததாகவோ பார்த்ததாகவோ உண்டதாகவோ இருக்கட்டும். அதில் எந்த இடம் பிடித்தது என்று ஒரு வாக்கியமாவது சேர்த்துச் சொல்லுங்கள். "கட்டாயம்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்த ஞாயிறன்று "பார்த்தாயா, படித்தாயா" என்று கேட்டுத் தேர்வு நடத்தாதீர்கள். மாமியார் கேட்டால் பிடிக்காததையும் பிடித்தது என்று சொல்லும் கட்டாயம் மருமகளுக்கு உண்டு. அப்படிச் சொல்லப் பழகிவிட்டால் பிறகு அவருடைய உண்மையான விருப்பம் உங்களுக்கு ஒருபோதும் தெரியாமலே போய்விடும்.

பொழுதுபோக்கு என்று நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் பி. ரம்லியிலிருந்தே தொடங்குங்கள். அவர் 1929ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்தவர் என்பதும், அவருடைய பெயரால் வழங்கும் சாலையில் அவர் பிறந்த வீடு இன்றும் பேணப்படுகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்தவைதாம். ஆனால், 1950இல் வெளிவந்த "பக்தி" என்ற மலாய்ப் படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய இயக்குநர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர் என்பதை உங்கள் மருமகள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அக்கால மலாய்ப் படங்கள் பலவற்றை இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்களே இயக்கினார்கள். அதனால் அவற்றில் பாடல் வரும் இடமும், தாய் அழும் இடமும், நகைச்சுவை நடிகர் நுழையும் இடமும் நம் பழைய படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

ரம்லி தாமே இயக்கிய முதல் படம் "பெனாரெக் பெச்சா", 1955இல் வந்தது. ஏழை ரிக்‌ஷாக்காரனாக அவரே நடித்திருக்கிறார். இதை நான் அண்மையில் மறுபடியும் பார்த்தேன். கதை எளிமையானது, செல்வர் வீட்டுப் பெண், உழைத்துப் பிழைக்கும் இளைஞன், இடையில் ஒரு போக்கிரி என்று முதல் அரைமணி நேரத்திலேயே முழுவதையும் ஊகித்துவிடலாம். என்னை இருத்தி வைத்தது கதையன்று, ரம்லியின் உடல்மொழி. பணக்காரர் முன்னால் நிற்கும்போது அவர் தோளைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்வதையும், தன் வீட்டுக்குள் நுழைந்ததும் அதே தோள் நிமிர்வதையும் கவனித்துப் பாருங்கள்.

இதில் உங்கள் மருமகளுக்கென்று தனியாக ஒரு சுவையும் இருக்கிறது. ஒரு காலத்தில் கோயம்புத்தூர் படப்பிடிப்பு நிலையங்களின் ஊராக இருந்தது. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் அங்கேதான் இயங்கின. எம்.ஜி.ஆர். நடித்த "மலைக்கள்ளன்" பட்சிராஜாவின் தயாரிப்பாக 1954இல், அதாவது "பெனாரெக் பெச்சா"வுக்கு ஓராண்டு முன்னால் வெளிவந்தது. உங்கள் ஊர்க்காரர் படம் ஒரு சனிக்கிழமை, அவருடைய ஊர்ப் படம் அடுத்த சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் பேசுவதற்குக் குறைவே இருக்காது. மக்சிக்கையும் அழைத்துக்கொள்ளுங்கள். துணைவரிகள் உரையாடலின் பொருளை மட்டும் சொல்லும். எந்த வசனத்துக்கு மலாய் வீடுகளில் இன்றும் சிரிக்கிறார்கள் என்பதை அவர்தாம் சொல்ல முடியும். மருமகள் மலாய் பழகிக்கொள்ளவும் வகுப்புகளைவிட இது நல்ல வழி.

இக்காலப் படங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். யாஸ்மின் அகமட் 2009இல் இயக்கிய "டேலன்டைம்" ஒரு பள்ளியின் இசைப் போட்டியைச் சுற்றி நடக்கும் கதை. மெலூர் என்ற மலாய்ப் பெண்ணை ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் அழைத்துச் செல்லும் பொறுப்பு மகேஷ் என்ற இந்திய மாணவனுக்குத் தரப்படுகிறது. அவனுக்குக் காது கேட்காது. மலாய், ஆங்கிலம், தமிழ் என்று மொழிகள் கலந்து புழங்கும் படம். நம் வீடுகளில் நாம் பேசுவதும் அப்படித்தானே. மற்றொன்று சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வந்த "ஜகாட்". தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகரோரப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்த நம்மவரின் வாழ்க்கையை, 1990களின் தொடக்கத்தில், அப்போய் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனின் வழியாகச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்றது. குண்டர் கும்பல், அடிதடி, தகப்பன் கையில் பிரம்பு எல்லாம் உண்டு. இதை அவர் தனியாகப் பார்ப்பதைவிட நீங்கள் உடன் இருப்பது நல்லது. தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு அந்தக் குடும்பம் ஏன் பட்டணத்துக்கு வந்து இடறியது என்று விளக்க வேண்டியிருக்காது; அவருக்கு விளக்க வேண்டியிருக்கும், அதைப் படமும் முழுவதும் விளக்குவதில்லை.

உணவைப் பற்றி ஐம்பது கடைகளின் பட்டியலை அனுப்பியிருக்கிறீர்கள். பினாங்கில் பிறந்தவர்களே அவ்வளவையும் உண்டு முடித்திருக்க மாட்டார்கள். இரண்டு உணவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எப்படி உண்பது என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். வெளியூரார் ஓர் உணவை வெறுப்பதற்கு அதன் சுவையைவிட உண்ணும் முறை தெரியாமையே பெரும்பாலும் காரணமாகிறது.

முதலாவது நாசி கண்டார். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோளில் காவுதடி வைத்து, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் கறியுமாகச் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதில் தொடங்கிய உணவு அது. லெபோ கேம்பெல் தெருவில் 1907ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் ஹமீதியா போன்ற பழைய கடைகளில் வரிசையில் நின்று பார்த்தால், பரிமாறுபவரின் கைவேலையே ஒரு காட்சி. சோற்றை வைத்து, நாம் கேட்ட கறியையும் வெண்டைக்காயையும் பக்கத்தில் அமர்த்தி, பிறகு ஒரே கரண்டியால் இந்தப் பானையிலிருந்து கொஞ்சம், அந்தப் பானையிலிருந்து கொஞ்சம் என்று குழம்பை மேலே ஊற்றிக்கொண்டே போவார். சோறு முழுகும் அளவுக்கு வேண்டும் என்றால் "பஞ்சிர்" என்று சொல்ல வேண்டும். இங்கேதான் உங்கள் மருமகளுக்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அவர் கோழிக் கறியை மட்டும் கேட்டாலும், கலந்து ஊற்றும் குழம்புகளுள் மாட்டுக்கறிக் குழம்பும் ஒன்றாக இருக்கக்கூடும். தட்டில் சோறு விழுவதற்கு முன்னரே மாட்டுக்கறிக் குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பல கடைகளில் தமிழிலேயே சொல்லலாம். குழம்பு ஊற்றிய பிறகு சொல்வதால் பயனில்லை. இந்த ஒரு செய்தி அந்த ஐம்பது கடைப் பட்டியலில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஒரே கரண்டி புழங்குவது அவருக்குச் சங்கடம் தருமானால் நாசி கண்டாரை விட்டுவிடுங்கள். வற்புறுத்தக் கூடாத செய்தி அது.

இரண்டாவது ஆசாம் லக்சா. ஊருக்கு வரும் தமிழ்நாட்டு விருந்தினர்கள் பலர் இதன் முதல் கரண்டியிலேயே முகத்தைச் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நூடல்ஸ் என்றால் சீனக் கடையின் காரமில்லாத சாறு என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அதன் புளிப்பும் மீன் வாசமும் திகைப்பைத் தரும். மீன் குழம்பு என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும், ஏனென்றால் அது உண்மையில் மீன் குழம்புதான். நாம் கெம்போங் என்றும் தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி என்றும் சொல்லும் மீனை வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, கொடம்புளியின் இனத்தைச் சேர்ந்த ஆசாம் புளித் துண்டுகளோடு நெடுநேரம் கொதிக்க வைக்கிறார்கள். கேரள எல்லைக்கு அருகில் வளர்ந்த பெண்ணுக்குக் கொடம்புளியின் சுவை தெரிந்திருக்கும். மேலே தூவும் புதினா, அன்னாசி, வெள்ளரி, இஞ்சி இனத்துப் பூவான புங்கா கந்தானின் மெல்லிய சீவல் ஆகியவைதாம் புதியவை. ஹே கோ என்ற கரிய இறால் கூழை ஒரு கரண்டியில் தனியாக வைப்பார்கள். அதை மொத்தமாகக் கரைத்துவிடாமல், முதலில் கூழில்லாமல் நாலு வாய் உண்டுவிட்டுப் பிறகு சிறிது சிறிதாகக் கலக்கச் சொல்லுங்கள். அண்மையில் ஆயர் ஈத்தாம் பக்கம் போனபோது மழை பிடித்துக்கொண்டது. அந்தக் குளிருக்கு லக்சாவின் சூடும் புளிப்பும் அவ்வளவு இதமாக இருந்தன. வெயிலில் அழைத்துச் செல்லாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ரொட்டி சானாய், தே தாரிக், நாசி லெமாக் ஆகியவற்றை உள்ளிட்ட மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அவற்றை உங்கள் மகன் இதற்குள் வாங்கிக் கொடுத்திருப்பார். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இனி நூல்கள். தமிழில் முதுகலை படித்தவர் என்பதால் ப. சிங்காரத்தின் "புயலிலே ஒரு தோணி" அவருக்குப் பெயரளவிலாவது தெரிந்திருக்கும், படித்தும் இருக்கலாம். இளமையில் சுமத்ராவின் மேடானில் வேலை பார்த்து, பின்னாளில் மதுரையில் நாளிதழ்ப் பணியாற்றிய சிங்காரம் எழுதிய அந்த நாவல் 1972இல் வெளிவந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்துச் சுமத்ராவும் பினாங்கும் அதன் களம். கதாநாயகன் பாண்டியன் தொங்கான் என்ற பாய்க்கப்பலில் ஏறிப் பினாங்குக்கு வரும் வழியில் கடலில் புயல் அடிக்கும் பகுதியை நான் அண்மையில், ஜார்ஜ் டவுன் கடற்கரையோரத்தில் அமர்ந்து மீண்டும் படித்தேன். அறைக்குள் படித்ததைவிட அங்கே படித்தபோது வாக்கியங்களின் வேகம் வேறாகத் தெரிந்தது. நூல் முன்னும் பின்னுமாகத் தாவும். மலாய்ச் சொற்களும் சங்கப் பாடல் அடிகளும் செட்டியார் கடைப் பேச்சும் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் அதைப் படிக்காதிருந்தாலும் குறையில்லை. மருமகளிடம், "இதில் வரும் மலாய்ச் சொற்களுக்கு நான் பொருள் சொல்கிறேன், சங்கப் பாடல் வரும் இடங்களை நீ எனக்குச் சொல்" என்று கேளுங்கள். ஒருவர் தனியாகப் படித்தால் தடுக்கி நிற்கும் இடங்களை இருவர் சேர்ந்து கடந்துவிடலாம்.

அதைவிட உங்களுக்கு நெருக்கமான நூல் ஒன்று உண்டு. சுங்கை பட்டாணியைச் சேர்ந்த சீ. முத்துசாமிக்கு 2017ஆம் ஆண்டின் விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது. அந்த விருதை வழங்கும் இலக்கிய வட்டம் உங்கள் மருமகளின் கோயம்புத்தூரில்தான் இயங்குகிறது. அவருடைய ஊர் மாலையிட்ட எழுத்தாளர், நீங்கள் பிறந்த கெடா மாநிலத்துக்காரர். தோட்ட வாழ்வைச் சொல்லும் அவருடைய "மண்புழுக்கள்" நாவலை நீங்கள் இருவரும் படியுங்கள். வேலைக்கு முன் கூடும் பெரட்டுக் களத்தில் இருட்டில் பேர் கூப்பிடுவது, மர வரிசைகளான நிரை பிரித்துக் கொடுப்பது, கத்தி வைப்பதற்கு முன் ரப்பர் மரப் பட்டையின் வெட்டுக்கோட்டில் முந்தைய நாள் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நீளமாக உரித்தெடுப்பது ஆகியவற்றைக் கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகம் எதுவும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது. சொல்லிக் கொடுக்க வீட்டிலேயே நீங்கள் இருக்கிறீர்கள். "என்னிடம் என்ன இருக்கிறது" என்று கேட்டிருந்தீர்களே. ஒட்டுப்பாலின் வாடையை அறிந்த மூக்கு இருக்கிறது.

பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 2016இல் மறைந்த ரெ. கார்த்திகேசுவின் நாவல்களையும் அவருக்கு அறிமுகப்படுத்துங்கள். நீங்கள் ஜார்ஜ் டவுனுக்குப் போகும் வழியில் குளுகோரில் அந்த வளாகம் இருக்கிறது. "காதலினால் அல்ல" பல்கலைக்கழக வாழ்க்கையைச் சொல்வது. தெளிந்த நீரோட்டமான நடை. புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றது. அவருடைய நாவல்களுள் சில மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தின் மின்தொகுப்பில் கிடைப்பதால் வாங்கும் செலவும் இல்லை. போர்க்காலத்தில் ஜப்பானியர் கட்டாய உழைப்பால் அமைத்த சயாம் மரண ரயிலைப் பற்றி ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் எழுதியவை நம் சமூகத்தின் பெருந்துயரைப் பதிவு செய்தவை. படித்தே ஆக வேண்டியவை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வந்த சில மாதங்களில், பிறந்த வீட்டு நினைவு இன்னும் ஆறாத பெண்ணின் கையில் அவற்றைக் கொடுக்க மாட்டேன். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

தைத் திருமணம் முடிந்து வந்தவர் என்பதால் இவ்வாண்டுத் தைப்பூசத்தை அவர் இங்கே பார்த்திருக்க வாய்ப்பில்லை. தேர் பட்டணத்திலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் சீனர்களும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பதை அவர் நேரில் பார்க்கட்டும். இப்போதே விரித்துச் சொல்லிச் சுவையைக் கெடுத்துவிடாதீர்கள். அதுவரை லெபோ பாசார், லெபோ குயின் பக்கம் ஒரு மாலை நடந்துவிட்டு, லெபோ சூலியாவில் இருக்கும் நாகூர் தர்காவையும் காட்டுங்கள். நாகப்பட்டினத்துக் கடற்கரைக்கும் இந்தத் தீவுக்கும் இருந்த கப்பல் உறவு அந்த முனையில் நின்று பார்த்தாலே விளங்கும்.

கடைசியாகச் சேலையா கெபாயாவா என்ற கேள்வி. சேலை வேண்டாம். நெகமம் பருத்தியும் கோவைக் கோராவும் நெய்யப்படும் வட்டாரத்திலிருந்து வந்தவருக்கு லிட்டில் இந்தியாவில் சேலை எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகத்தான் முடியும். கெபாயா நல்ல எண்ணம். புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து முன்மொழிந்து, அதுவும் 2024 டிசம்பரில்தான் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. பினாங்கின் ஞோஞ்ஞா கெபாயா வாயில் (voile) என்ற மெல்லிய துணியில் தைக்கப்படுவது. ஓரங்களில் பூவேலை செய்து, இடையிடையே துணியை வெட்டி எடுத்து வலைபோல் ஆக்கியிருப்பார்கள். முன்பக்கம் பொத்தான் கிடையாது. கெரோங்சாங் என்ற மூன்று ஊசிப் பதக்கங்களைச் சங்கிலியால் இணைத்துக் குத்திக்கொள்வார்கள். வேலைப்பாடு மிகுந்தது என்பதால் விலையும் மிகுதி.

எனவே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். உடலோடு ஒட்டித் தைக்கும் மெல்லிய மேலாடையும் கீழே சாரோங்கும் அவருக்கு வசதிப்படுமா என்பதே அது. வசதிப்படாது என்றால், மெழுகால் வரைந்து சாயமேற்றும் பாத்தேக் துணியில் அவருடைய நெகமம் சேலைகளுக்கு இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுங்கள். செலவு குறையும், அவர் அடிக்கடி உடுத்துவதும் அதைத்தான். என் தனிப்பட்ட விருப்பத்தைக் கேட்டால் ரவிக்கையையே சொல்வேன். அண்மையில் ஒரு திருமண வரவேற்பில் சாம்பல் நிறப் பருத்திச் சேலையோடு கரு நீலப் பாத்தேக் ரவிக்கை அணிந்திருந்த ஒருவரைப் பார்த்தேன். பட்டுச் சேலைகளின் நடுவே அவரே எடுப்பாகத் தெரிந்தார். துணி வாங்கும்போது பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மெழுகால் வரைந்து சாயமேற்றிய துணியில் நிறம் இரு புறமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்கும்; அச்சடித்த துணியின் பின்புறம் வெளுத்திருக்கும். கையால் வரைந்ததில் கோடுகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் தடித்தும் மெலிந்தும் போகும். ஒரே பூ அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால் கைவேலை என்று விற்பவர் சொல்லும் விலையைக் கொடுக்காதீர்கள். கோலாலம்பூருக்குப் போக நேர்ந்தால் மெர்டேக்கா சதுக்கத்துக்கு அருகில் இருக்கும் தேசிய நெசவு அருங்காட்சியகத்தில் இந்த வேலைப்பாடுகளை ஓய்வாகப் பார்க்கலாம்.

எதுவானாலும் தீபாவளியன்று பொட்டலமாகக் கொடுத்து வியப்பில் ஆழ்த்தும் எண்ணத்தை விட்டுவிட்டு, மருமகளை உடன் அழைத்துச் சென்று துணியை அவரே தெரிவு செய்யும்படி விடுங்கள். தையற்காரர்கள் தீபாவளிக்குப் பல வாரங்களுக்கு முன்னரே புதிய வேலைகளை ஏற்பதை நிறுத்திவிடுவார்கள். ஆவணி முடிவதற்குள் அளவு கொடுத்துவிடுவது நல்லது. கெபாயாதான் என்று முடிவானால், கெரோங்சாங்கை முன்கூட்டியே வாங்காமல், தைத்து வந்த உடையை ஒருமுறை அணிந்து பார்த்துவிட்டு அதன் எடைக்கு அந்த மெல்லிய துணி தாங்குமா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.